கையில் இருப்பது மணி மட்டும்தான்: புல்லின் பெயரை எதை வைத்துச் சொல்வது?

ஒரு சிட்டிகை மணிகளைக் காகிதத்தில் மடித்து நீட்டி, "இது எந்தப் புல் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்பவர்கள் பல வகை. விதை மூட்டையில் கலந்திருந்ததைப் பொறுக்கி எடுத்தவர், பறவையின் இரைப்பையைப் பிரித்துப் பார்த்தவர், அகழ்வாய்வுக் குழியின் மண்ணை அலசிக் கரிந்த மணிகளைச் சேர்த்தவர், உலர்த்திய செடியை ஒட்டி வைக்கும் பழைய ஹெர்பேரியம் தாளின் அடியில் உதிர்ந்து கிடந்ததைக் கண்டெடுத்தவர். எல்லோருக்கும் வேண்டியது ஒரு பெயர், அதுவும் சிற்றினம் வரைக்கும். புல் குடும்பமான போயேசியில் 11,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய கேள்வி என்று புரியும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரித்த மணியை மட்டும் வைத்து, அந்தப் புல் குடும்பத்தின் எந்தக் கிளையை, அதாவது எந்தத் துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது என்று நம்பிக்கையோடு சொல்லலாம், பல நேரம் பேரினம் வரைக்கும் கூடப் போகலாம். சிற்றினம் வேண்டுமென்றால் உமி வேண்டும். உமியும் கைவிட்டால் முளைக்க வைத்துப் பார்ப்பது, டிஎன்ஏ என்று போக வேண்டியதுதான். நான் பார்த்தவரை இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பவர்கள்தான் ரொம்பச் சிரமப்படுகிறார்கள். வந்ததும் முதல் வேலையாக உமியை உரித்துத் தூக்கிப் போட்டுவிடுவது, அப்புறம் உரித்த மணியின் நீள அகலத்தை மைக்ரோமீட்டரில் அளந்துகொண்டு நாள் கணக்கில் உட்கார்ந்திருப்பது. மனசு வலிக்கும் காட்சி அது, ஏனென்றால் பதில் குப்பைத் தொட்டியில் கிடக்கிறது.

சரி, மணியிலிருந்தே தொடங்குவோம். புல்லின் மணி வெறும் விதை இல்லை, அது ஒரு முழுக் கனி. பெரும்பாலான புற்களில் கனியுறையும் விதையுறையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிக்க முடியாமல் போயிருக்கும், பாடப் புத்தகத்தில் காரியாப்சிஸ் என்று படித்தது இதுதான். அதற்கு இரண்டு முகங்கள். ஒரு முகத்தின் அடிப்பக்கத்தில் கரு இருக்கும், வெளியிலிருந்தே ஒரு பள்ளமாகவோ நிறம் மாறிய திட்டாகவோ தெரியும். மறுமுகத்தில் விதைத்தழும்பு இருக்கும், விதை கனியுறையோடு இணைந்திருந்த இடம் அது, ஹைலம் என்பார்கள். கோரையின் மணியைப் புல் மணி என்று நினைத்துக் கொண்டு வருபவர்களும் உண்டு. கோரையில் கரு, அதற்கு உணவான கருவூணுக்குள் புதைந்திருப்பதால் இப்படிப் பக்கவாட்டில் எட்டிப் பார்க்காது, மணியும் பெரும்பாலும் முப்பட்டையாகவோ தட்டையாகவோ இருக்கும். ஆகவே அந்தச் சந்தேகம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இந்த இரண்டு அடையாளங்களையும் பார்க்க 10 மடங்கு காட்டும் கை லென்ஸ் போதும், சின்ன மணிகளுக்கு ஒரு ஸ்டீரியோ நுண்ணோக்கி இருந்தால் நல்லது. ஒரு கோதுமை மணியை எடுங்கள். கரு சின்னது, மணியின் நீளத்தில் கால் பங்குக்கு மேல் போகாது. மறுபக்கம் நடுவில் ஓடும் பள்ளத்தின் அடியில் விதைத்தழும்பு ஒரு நீண்ட கோடாகக் கிடக்கும். நுனியில் கொத்தாக மயிர் இருக்கும். இப்போது பக்கத்திலேயே உரித்த தினை மணி ஒன்றை வையுங்கள். கரு மணியின் நீளத்தில் பாதியைத் தாண்டி ஏறியிருக்கும், தழும்போ அடியில் ஒரு புள்ளி மட்டும். சோளம், கம்பு, மக்காச்சோளம் எல்லாம் தினையோடு சேர்ந்த பேனிகாய்டியே கிளை, பெரிய கருவும் புள்ளித் தழும்பும் அதன் முத்திரை. கோதுமை, பார்லி, ஓட்ஸ் இருப்பது பூவாய்டியே கிளை. நெல்லில் உமியை மட்டும் நீக்கிப் பார்த்தால் சின்னக் கருவும் கோட்டுத் தழும்பும் தெரியும், ஆனால் அது ஒரைசாய்டியே என்ற தனிக் கிளை. கேழ்வரகும் அருகும் குளோரிடாய்டியே கிளையில் வருகின்றன, அங்கேயும் கரு பெரிது, தழும்பு புள்ளி.

இதில் ஒரு எச்சரிக்கை. ஒரே ஒரு அடையாளத்தை நம்பி முடிவுக்குப் போகாதீர்கள். போவா என்ற பேரினம் கோதுமைக் கிளையைச் சேர்ந்ததுதான், ஆனால் அதன் தழும்பு கோடு போட்டது போல இருக்காது, சின்னப் புள்ளியாகத்தான் இருக்கும். ஆரிஸ்டிடா, டான்தோனியா என்ற பேரினங்கள் அந்தக் கிளை இல்லை, ஆனால் தழும்பு நீளமாக ஓடும். கருவின் அளவு, தழும்பின் வடிவம் இரண்டையும் சேர்த்து வாசித்தால் இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

வெளித்தோற்றத்துக்கும் மணிக்கும் சண்டை வரும் இடத்தில்தான் மணியின் அருமை தெரியும். போவாவையும் எராகிராஸ்டிஸ் என்ற இன்னொரு பேரினத்தையும் பூத்த நிலையில் எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் கிளைவிட்டு விரிந்த பூங்கொத்து, இரண்டிலும் ஒரு சிறுகதிருக்குள், அதாவது பூங்கொத்தின் ஒரு சின்ன அலகுக்குள், பல பூக்கள், அந்தப் பூக்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வரிசையில் அடுக்கியிருக்கும். பழைய வகைப்பாடுகள் இவை இரண்டையும் ஒரே கூட்டத்தில் வைத்ததில் ஆச்சரியமே இல்லை. ஆனால் மணியைத் திருப்பிக் கருவைப் பார்த்தால் போவாவில் அது அடியில் ஒரு சிறு நகம் போல இருக்கும், எராகிராஸ்டிஸின் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாத செம்பழுப்பு மணியிலோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் கரு நிறைந்திருக்கும். பிற்காலத்தில் எராகிராஸ்டிஸை அந்தக் கூட்டத்திலிருந்து எடுத்துக் கேழ்வரகின் கிளைக்கு மாற்றியபோது மணி சொன்னதுதான் சரி என்றானது.

புல் வகைப்பாட்டின் வரலாறே ஒரு வகையில் இந்தச் சண்டைதான். 1814-இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் சிறுகதிரின் அமைப்பை வைத்துப் புற்களை இரண்டு பெரும் பிரிவாகப் பிரித்தார், அது மிக நல்ல பார்வை, இன்றும் அதன் எலும்புக்கூடு நிற்கிறது. ஆனால் அந்த இரண்டுக்குள் அடங்காதவை நிறைய இருந்தன. 1931-இல் அவ்துலோவ் குரோமோசோம்களைப் பார்த்தார், அதே காலத்தில் பிராட் இலையின் புறத்தோலைப் பார்த்தார், 1957-இல் ஜான் ரீடர் கருவை வெட்டிப் பார்த்தார். மூன்று பேரும் மூன்று திசையிலிருந்து வந்து, பழைய கூட்டங்கள் சரியில்லை என்ற ஒரே இடத்தில் சந்தித்தார்கள். ரீடர் பார்த்தவை நான்கு விஷயங்கள். கருவுக்குள் ஸ்குட்டெல்லம் என்ற வித்திலைக்குப் போகும் குழாய்க்கற்றை பிரியும் இடத்துக்கும் முளைக்குருத்து உறைக்குப் போவது பிரியும் இடத்துக்கும் நடுவே இடைவெளி உண்டா, எபிபிளாஸ்ட் என்ற சின்ன மடல் இருக்கிறதா, ஸ்குட்டெல்லத்தின் கீழ்முனைக்கும் வேர் உறைக்கும் நடுவே பிளவு உண்டா, முதல் இலையின் ஓரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றனவா அல்லது தொட்டு நிற்கின்றனவா. நான்கையும் நான்கு குறிகளாக எழுதினால் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு சூத்திரம் கிடைக்கும். கோதுமைக்கு எபிபிளாஸ்ட் உண்டு, இடைவெளி இல்லை, பிளவு இல்லை, இலை ஓரங்கள் ஏறுவதில்லை. மக்காச்சோளத்துக்கு நான்கும் நேர் எதிர். கேழ்வரகுக் கிளை இரண்டுக்கும் நடுவே நின்றது, எபிபிளாஸ்ட் உண்டு, ஆனால் இடைவெளியும் பிளவும் கூட உண்டு. அதைத் தனிக் கிளையாகப் பிரிக்க இது பலமான ஆதாரமானது. பிறகு டிஎன்ஏ வந்து 2001-இல் புல் வகைப்பாட்டுப் பணிக்குழு குடும்பத்தை 12 துணைக்குடும்பங்களாக வகுத்தபோதும் ரீடர் கண்ட பெரிய பிரிவுகள் பெரும்பாலும் நிலைத்தன. ஒரு மில்லிமீட்டர் கருவை வெட்டிப் பார்த்து இவ்வளவு தூரம் சரியாகச் சொன்ன வேலை அது, எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை.

ஆனால் உங்களுக்கு அது வேண்டுமா? வேண்டியதில்லை என்றுதான் சொல்வேன். மணியை ஊறவைத்து, மெழுகில் புதைத்து, மைக்ரோடோமில் சீவி, சாயமேற்றிப் பார்க்க வேண்டும். மணியும் அழிந்துபோகும். கிடைக்கும் பதில் கிளையின் பெயர், அதை லென்ஸே பெரும்பாலும் கொடுத்துவிடுகிறது. வகைப்பாட்டு ஆராய்ச்சி செய்கிறவர், எந்தக் கிளையில் சேர்ப்பது என்று தெரியாமல் நிற்கும் பேரினம் ஒன்றைக் கையில் வைத்திருந்தால் கருவை வெட்டலாம். மூட்டையில் என்ன களை கலந்தது என்று தெரிய வேண்டியவருக்கு இது வீண் வேலை.

வெட்டாமலே சொல்லிக் கொடுத்துவிடும் சில மணிகளும் உண்டு. ஸ்போரோபோலஸ் மணியை ஒரு சொட்டுத் தண்ணீரில் போட்டு லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே இருங்கள். கனியுறை விதையோடு ஒட்டாத புல் இது. தண்ணீர் பட்டதும் உறை கொழகொழவென்று உப்பும், சற்று நேரத்தில் விரிந்து உள்ளிருக்கும் விதையை வெளியே தள்ளும், அது ஈரத்தோடு பக்கத்தில் எதன் மேலாவது ஒட்டிக்கொள்ளும். முதல் முறை பார்க்கும்போது கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டேன், அவ்வளவு அழகு. எலியூசின் பேரினத்திலும், அதாவது கேழ்வரகிலும் அதன் காட்டுச் சொந்தங்களிலும், உறை மெல்லிய தாள் போலத் தளர்ந்திருக்கும், விரலால் தேய்த்தாலே உரிந்துவிடும். காட்டு எலியூசின்களில் உறைக்குள்ளே விதையின் மேல் வரி வரியாக மேடுகள் ஓடும். இப்படிப்பட்ட மணி கிடைத்தால் பேரினம் வரை சில நிமிடங்களில் போய்விடலாம்.

இன்னொரு சின்னக் கருவி மாவுச்சத்து. மணி பொடியாகிப் போயிருந்தால், துளி அயோடின் போட்டு நுண்ணோக்கியில் பார்க்கலாம். கோதுமை, பார்லி, கம்புக்கோதுமையில் (ரை) பெரிய லென்ஸ் வடிவத் துகளும் சின்ன உருண்டைத் துகளும் கலந்திருக்கும். நெல்லிலும் ஓட்ஸிலும் பல கோணத் துண்டுகள் சேர்ந்த கூட்டுத்துகள்கள். இதற்கு மேல் இதனிடம் எதிர்பார்க்க முடியாது.

இப்போது உமிக்கு வருவோம். பூவை மூடும் செதில்களான லெம்மா, பேலியா, சிறுகதிரின் அடியில் அவற்றைச் சுற்றிய குளூம்கள், உமி உதிர்ந்த இடத்தின் வடு, நுனியில் நீளும் வால், மயிர், நரம்புகளின் எண்ணிக்கை. சிற்றினத்தைப் பிரிக்கும் அடையாளங்களில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. காட்டு ஓட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவினா ஃபாட்டுவாவின் உரித்த மணியும் பயிராகும் அவினா சட்டைவாவின் உரித்த மணியும் இரண்டுமே நீண்டு, மயிரடர்ந்து, பள்ளத்தோடு இருக்கும், தனித்தனியாக வைத்துக்கொண்டு எது எது என்று சத்தியம் செய்ய முடியாது. உமியோடு இருந்தால் ஃபாட்டுவாவின் அடியில் குதிரைலாட வடிவத்தில் வழுவழுப்பான வடு தெரியும், பழுத்ததும் தானாகக் கழன்று விழுந்ததன் அடையாளம் அது. சட்டைவாவில் அந்த இடம் பிய்த்து எடுத்தது போல முறிந்திருக்கும். அவினா ஸ்டெரிலிஸில் அடிப்பூவுக்கு மட்டும் அந்த வடு உண்டு, மேலே இருப்பவை அதோடு சேர்ந்தே விழும். அடிவடுவைப் பார்த்தால் ஒரு நொடியில் தீரும் விஷயம் இது.

தினைக் கிளையின் சிறுமணிகளிலும் இதே கதை. உரித்த மணியில் தினையையும் பனிவரகையும் ஓரளவு பிரிக்கலாம், தினையில் கரு குறுகலாக மணியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஏறும், பனிவரகில் அகலமாகப் பாதியோடு நிற்கும். குதிரைவாலியின் பேரினமான எகைனோகுளோவாவில் கரு இன்னும் நீளம். பேரினம் வரை இது போதும். ஆனால் தினையையும் அதன் காட்டு மூதாதையான செட்டேரியா விரிடிஸையும், எகைனோகுளோவாவுக்குள் இருக்கும் பல களைகளையும் உரித்த மணியில் பிரிக்கப் போனால் அளவுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துகொண்டே இருக்கும். உமியைத் தொட்டால் நிலைமையே வேறு. செட்டேரியாவின் உமி குறுக்குச் சுருக்கங்களோடும் சின்னப் புடைப்புகளோடும் சொரசொரப்பாக இருக்கும், பனிவரகின் உமி கண்ணாடி போல வழுவழுக்கும், எகைனோகுளோவாவில் கீழ்ப்பூவின் லெம்மாவுக்கு வால் உண்டா இல்லையா, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் சிற்றினத்துக்கு வழிகாட்டும்.

உமி எல்லாவற்றுக்கும் மேல் என்று சொல்லவில்லை. லோலியம் மல்டிஃபுளோரத்தின் லெம்மாவுக்கு வால் உண்டு, லோலியம் பெரன்னேவுக்குப் பொதுவாக இல்லை, ஆனால் கதிரடிக்கும்போது வால் முறிந்து போய்விட்டால் இரண்டும் ஒன்று போலத்தான். அங்கே பழைய வழி ஒன்று இன்றும் உதவுகிறது. வெள்ளை வடிதாளில் மணிகளை முளைக்க வைத்துப் புற ஊதா விளக்கின் கீழ் பார்த்தால் மல்டிஃபுளோரத்தின் வேர் ஓடிய தடம் ஒளிரும். சில பெரன்னே ரகங்களும் ஒளிர்வதால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது, ஆனால் ஒரு விதைத் தொகுதியில் எவ்வளவு கலப்பு என்று மதிப்பிடப் போதும்.

மணியின் வடிவம் எங்கே ஏமாற்றும் என்று காட்ட எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் கோதுமைதான். உமி எளிதில் பிரியும் கோதுமைகளில் 28 குரோமோசோம் கொண்ட டூரமும் உண்டு, 42 கொண்ட ரொட்டிக் கோதுமையும் உண்டு. கரிந்த மணியை மட்டும் வைத்து இவை இரண்டையும் நம்பகமாகப் பிரிக்க முடியாது. ஐன்கார்ன் கோதுமையில் சிறுகதிருக்கு ஒரு மணி இருந்தால் அது இரண்டு பக்கமும் புடைத்த கதிர்க்கோல் வடிவத்தில் இருக்கும், அடையாளம் சுலபம். அதே ஐன்கார்னில் இரண்டு மணி பிடிக்கும் வகையில் ஒன்றையொன்று அழுத்தி ஒரு பக்கம் தட்டையாகி, எம்மர் கோதுமை போலவே ஆகிவிடும். மணி எந்தச் செடியில் விளைந்தது என்பதை விட, பக்கத்தில் யார் நெருக்கிக்கொண்டிருந்தது என்பதைத்தான் வடிவம் அங்கே சொல்கிறது. பார்லியில் இதே நெருக்கடி நமக்கு உதவியாக வருகிறது. ஆறு வரிசைப் பார்லியில் ஒரு கணுவில் மூன்று மணிகள், நடுவில் இருப்பது நேராக, பக்கத்தில் இருக்கும் இரண்டும் சற்று முறுக்கிக்கொண்டு. இரண்டு வரிசைப் பார்லியில் எல்லாமே நேர். ஒரு கைப்பிடி பார்லி மணியில் முறுக்கியதும் நேரானதும் சுமார் இரண்டுக்கு ஒன்றாக இருந்தால் ஆறு வரிசை என்று தைரியமாகச் சொல்லலாம். ஒற்றை மணியால் சொல்ல முடியாததைக் கூட்டம் சொல்லிவிடும்.

அதனால்தான் ஒற்றை மணியின் நீளம், அகலம், விகிதம் இவற்றை மட்டும் நம்பும் வழியை நான் கடைசியில் வைக்கிறேன். ஒரே கதிரின் ஒரே சிறுகதிரில் அடிப்பூவின் மணி பெரிது, மேலே போகப் போகச் சிறிது. முற்றாத மணி குறுகலாக இருக்கும். கரிந்த மணி குட்டையாகி உப்பும், எவ்வளவு உப்பும் என்பது சூட்டைப் பொறுத்தது. கணினியில் படம் எடுத்து வடிவத்தைப் பயிற்றுவிக்கும் முறைகள் நன்றாக வேலை செய்யும், ஆனால் "இந்த ஐந்தில் எது" என்று கேட்கும்போதுதான். ஆறாவதாக ஒரு புல் உள்ளே வந்தால், பயிற்சியில் பார்த்திராத அதற்கும் அந்த ஐந்தில் ஒரு பெயரைக் கொடுத்துவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மேற்பரப்பைப் படம் எடுப்பதும் அப்படித்தான், ஒப்பிட்டுப் பார்க்க உறுதியான பெயருள்ள மாதிரிகள் இருந்தால் அருமையான கருவி, இல்லையென்றால் அழகான படம்.

டிஎன்ஏ பார்த்துவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. நிலத்தாவரங்களுக்கான பொது பார்கோடாக, அதாவது சிற்றினத்தை அடையாளம் காட்டும் டிஎன்ஏ துண்டாக, ஆர்பிசிஎல், மேட்கே என்ற இரண்டு பசுங்கணிக மரபணுக்களை 2009-இல் ஒரு சர்வதேசக் குழு பரிந்துரைத்தது, அவர்கள் சோதித்த சிற்றினங்களில் 72 சதவீதத்தை அது பிரித்தது. மீதி ஒன்றும் சின்ன எண்ணிக்கை இல்லை. புற்களில் கலப்பும் குரோமோசோம் பெருக்கமும் அதிகம், பசுங்கணிகமோ பொதுவாகத் தாய்வழி மட்டுமே வரும். ரொட்டிக் கோதுமையின் தாய்வழி எம்மர் கூட்டத்தைச் சேர்ந்தது, ஆகவே டூரத்தையும் ரொட்டிக் கோதுமையையும் பிரிக்க இந்தப் பார்கோடு உதவாது, ரொட்டிக் கோதுமையில் கூடுதலாக இருக்கும் டி என்ற குரோமோசோம் தொகுதி உட்கருவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதைத் தேட வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் அந்தச் சோதனையைத் தேர்ந்தெடுக்கவே முடியும், அதைச் சொல்லித் தருவது லென்ஸ். கரிந்த மணியில் டிஎன்ஏ தேறுவதும் அபூர்வம். உமியும் வடுவும் தேய்ந்துபோன, ஆனால் கரியாத மணிக்கு டிஎன்ஏதான் சிறந்த வழி என்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

இலையில் இருக்கும் சிலிக்கா துகள்களைப் பற்றி ஒரு வார்த்தை. சேணம், இருமடல், உருளை என்று கிளைக்குக் கிளை வடிவம் மாறும். ஆனால் அதுவும் கிளை வரைக்கும்தான், மணி இருக்கும்போது அது தேவையில்லை. மணியே இல்லாமல் மண் மட்டும் இருப்பவருக்கு அது பொக்கிஷம்.

மணிக்கு உயிர் இருந்தால் பாதியை எண்ணி வைத்து மீதியை முளைக்க விடுங்கள். வேர் நுனியில் குரோமோசோம் எண்ணலாம், பயிர்ச் சோளத்துக்கு 20, களையாகும் ஜான்சன் புல்லுக்கு 40, இந்த எண்ணிக்கை பல சச்சரவுகளைத் தீர்த்திருக்கிறது. பொறுமை இருந்தால் பூக்கும் வரை வளர்க்கலாம், முழுச் செடியும் கிடைத்துவிட்டால் வாதத்துக்கே இடமில்லை.

ஆக, மூட்டையில் கலந்த களை என்றால் உமியோடு லென்ஸில் பாருங்கள், சந்தேகம் மிஞ்சினால் முளைக்க வையுங்கள். பறவையின் இரைப்பையில் உமி அரைபட்டுப் போயிருக்கும், கருவையும் தழும்பையும் வைத்துப் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் கட்டாயம் வேண்டுமென்றால் டிஎன்ஏ. ஹெர்பேரியம் தாளில் உதிர்ந்தது என்றால் மணியைத் தொடும் முன் தாளில் ஒட்டியிருக்கும் சிறுகதிரைப் பாருங்கள். பேரினம் வரை மட்டும் எழுதி அதற்குப் பின்னால் கேள்விக்குறி போடுவதில் அவமானம் எதுவும் இல்லை, தவறான சிற்றினப் பெயர் ஒன்று பட்டியலில் ஏறிவிட்டால் அடுத்து வருபவர்கள் அதை எடுத்து எடுத்து எழுதிக்கொண்டே போவார்கள். அகழ்வாய்வு மண் அலசுபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மணி மட்டும் போதும் என்று பெரிய கண் சல்லடையோடு நிறுத்தாதீர்கள். அரை மில்லிமீட்டர் சல்லடையும் வையுங்கள். அதில் தங்கும் கதிர்த்தண்டுக் கணுத் துண்டும் சிறுகதிரின் கவட்டை போன்ற அடிப்பாகமும் பார்க்கக் குப்பை மாதிரிதான் இருக்கும், ஆனால் டூரமா ரொட்டிக் கோதுமையா, ஐன்கார்னா எம்மரா என்று மணி சொல்லாமல் விட்டதைச் சொல்வது அந்தத் துண்டுகள்தான்.